கவலை தெரிவிப்பது தீர்மானம் ஆகாது

சென்ற வாரம் ஒரு மாலை, திருகோணமலை உட்துறைமுக வீதியில் இளம் விரிவுரையாளர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். கையில் நான்கு பக்கத் தாள்கள். அவருடைய பீடச் சபை நிறைவேற்றிய தீர்மானம். எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் பீடம் என்பது வாசகர்களுக்கு வேண்டியதில்லை. இந்தப் பிழை ஒரு பீடத்துக்கு மட்டும் உரியதாயின் இதை எழுதவே மாட்டேன்.

"அண்ணை, இதைப் பேப்பரில போட்டுவிடுங்கோ. ஏகமனதா நிறைவேறினது."

வாசித்தேன். முதற் பக்கம் உயர்கல்வியின் மேன்மையை விளக்கியது. இரண்டாம் பக்கம் இப்பிரதேச மக்களின் பண்பாட்டுத் தொன்மையைக் கூறியது. மூன்றாம் பக்கத்தில்தான் விடயம் வந்தது: 2022 இன் பொருளாதார நெருக்கடியின் பின்னர் விரிவுரையாளர்கள் நாட்டைவிட்டுச் சென்றுவிட்டனர், வெற்றிடங்கள் நிரப்பப்படவில்லை, மாணவர்கள் பாதிக்கப்படுகின்றனர். நான்காம் பக்கத்தின் அடியில் தீர்மானம் இப்படி முடிந்தது: இந்நிலை குறித்து இச்சபை தனது ஆழ்ந்த கவலையைத் தெரிவிப்பதுடன், உரிய தரப்பினர் உரிய நடவடிக்கைகளை உரிய காலத்தில் மேற்கொள்ள வேண்டுமெனவும் கேட்டுக்கொள்கின்றது.

"தம்பி, உரிய தரப்பு எண்டால் ஆர்?"

"அது எல்லாருக்கும் தெரியும்தானே அண்ணை."

"எத்தனை வெற்றிடம்?"

"சரியாத் தெரியாது. பதிவாளர் பகுதியில கேக்கவேணும்."

எத்தனை வெற்றிடம் என்று தெரியாமலே ஒரு பீடம் வெற்றிடங்களைப் பற்றி ஏகமனதாகத் தீர்மானித்திருக்கிறது. ஏகமனதாக நிறைவேறியதில் வியப்பில்லை. எவரையும் எதுவும் செய்யச் சொல்லாத வாக்கியத்தை எவர் எதிர்ப்பார்?

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்தி மேசையில் இருந்தவன் நான். பல்கலைக்கழகச் சபைகள், ஆசிரியர் சங்கங்கள், பிரதேச சபைகள், ஆலய பரிபாலன சபைகள், புலம்பெயர் மன்றங்கள் எனத் தமிழர் கூடும் எல்லா இடங்களிலிருந்தும் தீர்மானங்கள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. ஒரு செய்தி ஆசிரியன் அவற்றில் தேடுவது ஒரே ஒரு வரியைத்தான்: யார், யாரிடம், எதை, எப்போதைக்குள் கேட்கிறார்கள்? அந்த வரி இருந்தால் தலைப்பு தானே அமையும். இல்லையென்றால் ஏழாம் பக்கத்தில் நான்கு வரி. அடுத்த வாரம் அந்தத் தாளில் உழுந்து வடை மடித்துக் கொடுப்பார்கள். பத்தில் ஒன்பது தீர்மானங்களின் கதி இதுதான். பத்திரிகையின் கதி இதுவென்றால் அமைச்சின் கோப்பறையில் என்ன நேரும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

இது நமக்குத் தெரியாத கலை என்றால் மன்னிக்கலாம். தெரிந்திருந்த கலை இது. அதுவும் இதே திருகோணமலையில் தெரிந்திருந்தது.

1956 ஜூன் மாதம் தனிச் சிங்களச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. இரண்டு மாதங்களின் பின், அவ்வாண்டு ஓகஸ்டில், இலங்கைத் தமிழரசுக் கட்சி திருகோணமலையில் மாநாடு கூட்டியது. மக்கள் அணியணியாக நடந்தே இந்நகருக்கு வந்தார்கள். அழுவதற்கும் சினப்பதற்கும் அன்றைக்கு இருந்த காரணங்கள் இன்றைய எந்தப் பீடத்துக்கும் இல்லை. காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகிகள் தாக்கப்பட்டிருந்தார்கள். கல்லோயாவில் தமிழர் கொல்லப்பட்டிருந்தார்கள்.

ஆனால் அம்மாநாடு ஓகஸ்ட் 19 இல் நிறைவேற்றிய தீர்மானம் அழவில்லை. நான்கு கோரிக்கைகளை அது முன்வைத்தது. ஒற்றையாட்சி யாப்புக்குப் பதிலாகக் கூட்டாட்சி யாப்பு. தமிழுக்குச் சிங்களத்தோடு சமமான அரசகரும மொழி நிலை. குடியுரிமைச் சட்டங்களை நீக்கி, வதிவிடத்தை அடிப்படையாகக் கொண்டு குடியுரிமை. தமிழ் பேசும் பிரதேசங்களில் அரசின் திட்டமிட்ட குடியேற்றத்தை நிறுத்துதல். கேட்கப்பட்டவர்கள் பிரதமரும் நாடாளுமன்றமும். திகதி 1957 ஓகஸ்ட் 20. அதற்குள் நடவடிக்கை இல்லையெனில், கட்சி அகிம்சை வழியில் நேரடி நடவடிக்கையில் இறங்கும்.

யார், யாரிடம், எதை, எப்போதைக்குள், இல்லாவிடில் என்ன என்ற ஐந்துக்கும் அத்தீர்மானத்தில் விடை இருந்தது.

அதன் விளைவையும் நாட்காட்டியிலேயே காணலாம். பண்டாரநாயக்கா – செல்வநாயகம் ஒப்பந்தம் கைச்சாத்தானது 1957 ஜூலை 26 இல். கெடு முடிவதற்கு 25 நாள்களே இருந்தன. முழுப் பெரும்பான்மையோடு ஆட்சியேறிய ஒரு பிரதமரை, நாடாளுமன்றத்தில் பத்து இடங்களை மட்டும் கொண்டிருந்த ஒரு கட்சியோடு மேசைக்கு வரவைத்த காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று, தீர்மானத்தில் எழுதப்பட்டிருந்த அந்தத் திகதி. "உரிய காலத்தில்" என்று அது எழுதப்பட்டிருந்தால், அந்த ஜூலையில் அவசரப்படப் பிரதமருக்கு என்ன தேவை இருந்திருக்கும்?

"ஒப்பந்தத்தைத்தான் 1958 ஏப்ரல் 9 இல் கிழித்தெறிந்தார்களே, தீர்மானத்தால் என்ன பயன்?" என்று ஒரு வாசகர் கேட்பார். நியாயமான கேள்வி. பிக்குகள் பிரதமரின் வாசஸ்தலத்தின் முன் அமர்ந்தார்கள், பிரதமர் பணிந்தார், ஒப்பந்தம் போயிற்று. உண்மைதான். ஆனால், கிழிப்பதற்கென்று ஓர் ஒப்பந்தம் இருந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். யார் வாக்களித்தார், யார் மீறினார் என்பது அதனால்தான் வரலாற்றில் ஐயமின்றிப் பதிந்திருக்கிறது. கவலை தெரிவிக்கும் தீர்மானத்தை எவரும் கிழிக்க வேண்டியதில்லை. அதை மீறவே முடியாது.

இருபது ஆண்டுகளின் பின், 1976 மே 14 இல் நிறைவேறிய வட்டுக்கோட்டைத் தீர்மானத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அதன் அரசியல் சரியா தவறா என்பது வேறு விவாதம். எழுத்து என்ற அளவில் மட்டும் பாருங்கள். நீண்ட வரலாற்று முகவுரை, மிகப் பெரிய இலக்கு. ஆனால் செயல் குறித்த பகுதி, திட்டம் வகுக்கும் பொறுப்பைக் கூட்டணியின் செயற்குழுவிடம் விட்டு, தாமதமின்றிப் போராட்டத்தைத் தொடங்குமாறு பணிப்பதோடு நின்றுவிட்டது. திகதி இல்லை. முதற்படி எது என்பதும் இல்லை. தலைவர்கள் திகதி எழுதாமல் விட்ட இடத்தில் பின்னர் இளைஞர்கள் தங்கள் திகதிகளை எழுதினார்கள். அதற்குப் பல காரணங்கள் உண்டு, தீர்மானத்தின் சொற்களை மட்டும் நான் குற்றஞ்சாட்டவில்லை. ஆனால் காலம் எழுதப்படாத தீர்மானம், அதை எழுதியவர்களின் கையை விட்டுப் போய்விடும் என்பதற்கு நம் வரலாற்றில் இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

இனிப் பல்கலைக்கழகத்துக்கு வருகிறேன். அரசியல் கட்சிக்கும் பீடச் சபைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். பீடச் சபைக்குக் கட்சியைவிட ஒரு வசதி அதிகம் உண்டு. அதன் அதிகாரம் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின்படி, பீடச் சபை மூதவைக்கு அறிக்கை தரும், பரிந்துரை செய்யும். மூதவை கல்வி விடயங்களுக்குப் பொறுப்பு. பேரவை நிறைவேற்று அதிகாரம் உடையது. அதற்கும் மேலே பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு. ஒவ்வொரு படியிலும் ஒரு கதவு இருக்கிறது, கதவின் மேல் பெயரும் இருக்கிறது. நம் பேராசிரியர்கள் இந்தக் கதவுகளைத் தாண்டி வானத்தை நோக்கித் தீர்மானம் அனுப்புகிறார்கள். சனாதிபதி, சர்வதேச சமூகம், மனச்சாட்சியுள்ள அனைவரும் அதில் விளிக்கப்படுகிறார்கள். அடுத்த மூதவைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் அது சேர்க்கப்பட்டதா என்று கேட்டால் பதில் இல்லை.

ஒரு தீர்மானத்தின் எடையை அறிய அதன் வினைச்சொற்களைப் பாருங்கள். கவலை தெரிவிக்கிறது, கண்டிக்கிறது, வலியுறுத்துகிறது, கேட்டுக்கொள்கிறது: இவற்றால் எவருக்கும் நாளைக் காலையில் வேலை கூடுவதில்லை. பணிக்கிறது, நியமிக்கிறது, பரிந்துரைக்கிறது, அங்கீகரிக்க மறுக்கிறது: இவற்றால் ஒருவர் காலையில் எழுந்து ஒரு கடிதமாவது எழுத வேண்டியிருக்கும்.

ஜெனீவாவை ஆண்டுதோறும் பார்த்துச் சலித்த புலம்பெயர் வாசகர்களுக்கு இது புதிதன்று. ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் பேரவையின் 46/1 தீர்மானம் 2021 மார்ச் 23 இல் 22 வாக்குகளால் நிறைவேறியது. எதிர்த்தவை 11, நடுநிலை வகித்தவை 14. அதன் பந்திகளில் கவலைகளும் ஊக்குவிப்புகளும் நிறைய உண்டு. அவற்றையெல்லாம் மறந்துவிடலாம். ஆறாம் பந்தி "தீர்மானிக்கிறது" என்ற வினையைக் கையாண்டு, சான்றுகளைத் திரட்டிப் பாதுகாக்கும் ஆற்றலை மனித உரிமைகள் உயர்ஸ்தானிகர் அலுவலகத்தில் வலுப்படுத்தச் சொன்னது. அதற்கு ஆள்கள் வேண்டும், பணம் வேண்டும். ஆகவே ஆள்களும் பணமும் கேட்கப்பட்டன. அது போதுமா என்றால் போதாது. ஆனால் அத்தீர்மானத்திலிருந்து மண்ணில் இறங்கிய பகுதி அந்த ஒரு பந்திதான். கொழும்பு மிகக் கடுமையாக எதிர்த்ததும் அதைத்தான்.

நம் நாட்டுப் பல்கலைக்கழக ஆசிரியர்களே நல்ல உதாரணம் ஒன்றையும் தந்திருக்கிறார்கள். 2012 ஜூலையில் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்களின் சம்மேளனம் வேலைநிறுத்தம் தொடங்கியபோது, கல்விக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதம் ஒதுக்குக என்று கேட்டது. "கல்விக்குப் போதிய நிதி" என்று கேட்டிருந்தால் யாருக்கு நினைவிருக்கும்? மூன்று மாதம் நடந்த அந்தப் போராட்டம் 6 வீதத்தைப் பெறவில்லை. ஆனால் அந்த எண் சிங்களத்திலும் தமிழிலும் சுவர்களில் ஏறியது, பின்வந்த தேர்தல் வாக்குறுதிகளிலும் ஏறியது. எண் ஒன்றைச் சொன்னால் எதிராளி அந்த எண்ணுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

எண்ணும் சான்றும் பற்றிப் பேசும்போது இந்நகரத்தில் இருந்துகொண்டு ஒருவரை நினைக்காமல் இருக்க என்னால் முடியாது. 2006 ஜனவரி 2 மாலை, காந்தி சிலைக்கு அருகில், இதே கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். கைக்குண்டு வெடித்து இறந்தார்கள் என்று கூறப்பட்டது. சுடர் ஒளியின் செய்தியாளர் சுகிர்தராஜன் எடுத்த படங்கள் துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைக் காட்டின. ஜனவரி 24 இல் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த மாதம் கண்டன அறிக்கைகள் குவிந்தன. அவற்றின் சொற்களில் ஒன்றுகூட இன்று எனக்கு நினைவில்லை. அந்தப் படங்கள் நினைவில் இருக்கின்றன. மாணவர் கொலை வழக்கில் சந்தேகநபர்கள் 13 பேரும் போதிய சான்று இல்லை என்று 2019 ஜூலையில் விடுவிக்கப்பட்டார்கள். சான்று என்பது எவ்வளவு அரியது, அதைத் தேடியவன் என்ன விலை கொடுத்தான் என்பதை அறிந்த நகரம் இது. இங்கிருந்துகொண்டு, பதிவாளர் அலுவலகத்தில் கேட்டாலே கிடைக்கும் ஓர் எண்ணைக்கூடத் தேடாமல் நான்கு பக்கம் எழுதுவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

அதே ஆண்டில்தான் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கும் அந்தப் பேரிடி விழுந்தது. செப்டெம்பர் இறுதியில் கலைப்பீடாதிபதி கடத்தப்பட்டார். துணைவேந்தர் பதவி விலக வேண்டுமென்பது கடத்தியோரின் நிபந்தனை. துணைவேந்தர் பேராசிரியர் சி. இரவீந்திரநாத் விலகல் கடிதம் கொடுத்தார். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அதை ஏற்கவில்லை. டிசெம்பர் 15 இல், கொழும்பின் உயர்பாதுகாப்பு வலயத்தில், ஒரு கல்வி மாநாட்டுக்குச் சென்ற அவர் காணாமல் போனார். இன்றுவரை திரும்பவில்லை.

அன்றைக்குப் பல சபைகள் மௌனமாக இருந்ததை நான் குறைசொல்ல மாட்டேன். பீடாதிபதியையே தூக்கிச் செல்லும் காலத்தில் தெளிவான வாக்கியம் எழுதுவது உயிரைப் பணயம் வைப்பதாகும். அந்த அச்சத்தை நானும் அறிவேன். பெயரில்லாமல் எழுதிய காலமும் எனக்குண்டு. ஆனால் போர் முடிந்தது 2009 இல். அச்சக் காலத்தில் உயிர்காக்கக் கற்றுக்கொண்ட மழுங்கிய மொழியை, அச்சம் குறைந்த பின்னும் நாம் நாகரிகம் என்று எண்ணிப் பேசிக்கொண்டிருக்கிறோம். என் சண்டை அதனோடுதான்.

இன்று ஒரு பல்கலைக்கழகப் பேரவை தன் துணைவேந்தர் குறித்து என்ன தீர்மானிக்கலாம்? ஆண்டுதோறும் டிசெம்பரில் அஞ்சலி செலுத்தலாம். அது மனிதப் பண்பு. அதோடு, அவருடைய பாதுகாப்புக் குறித்து 2006 இல் நடந்த கடிதத் தொடர்புகள் அனைத்தையும் ஆணைக்குழுவிடம் எழுத்தில் கேட்குமாறு பதிவாளரைப் பணிக்கலாம். காணாமற்போனோர் அலுவலகத்திடம் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டு, கிடைக்கும் பதிலைப் பேரவைக் குறிப்பில் பதியலாம். அந்த அலுவலகத்தின்மீது உறவினர்களுக்கு நம்பிக்கையில்லை, அதற்கு நியாயமும் உண்டு. ஆயினும் ஒரு நிறுவனம் எழுத்தில் கேட்ட கேள்விக்கு வரும் பதிலும் பதிலின்மையும் ஆவணங்களே. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. கோரிக்கை கிடைத்து 14 வேலைநாள்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்று முடிவைச் சொல்ல வேண்டும். அச்சட்டத்தைப் பயன்படுத்த எந்தப் பீடத்துக்கும் எவருடைய அனுமதியும் தேவையில்லை.

எழுதப்பட்ட தீர்மானம் இல்லாதபோது என்ன நடக்கும் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. 2021 ஜனவரி 8 இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டது. மேலிடத்துப் பணிப்பு என்று ஒருபுறம் சொல்லப்பட்டது. துணைவேந்தரின் முடிவு என்று மறுபுறம் சொல்லப்பட்டது. மாணவர்கள் வாயிலில் உண்ணாவிரதம் இருந்தார்கள். ஜனவரி 11 இல் மீண்டும் அடிக்கல் நாட்டப்பட்டது, ஏப்ரலில் தூபி திறக்கப்பட்டது. இடித்த முடிவு எந்தச் சபையின் எந்தக் கூட்டத்தில் எடுக்கப்பட்டது என்று ஊரே கேட்டது. சபைகள் தெளிவாகத் தீர்மானித்துக் குறிப்பில் ஏற்றாத இடத்தில் தொலைபேசி உத்தரவுகள்தாம் ஆளும். ஆகவே தீர்மானம் எழுதும் கலை வெறும் எழுதுவினைஞர் வேலை என்று ஒதுக்கத்தக்கதல்ல. ஒரு பல்கலைக்கழகம் தன்னைத் தானே ஆள்வதன் கருவி அது.

விரிவுரையாளரின் நான்கு பக்கங்களுக்குத் திரும்புகிறேன். அவற்றை அரைப் பக்கத்தில் எப்படி எழுதலாம் என்று நாங்கள் இருவரும் இருந்து பார்த்தோம். முதலில் உண்மைகள். அங்கீகரிக்கப்பட்ட பதவிகள் எத்தனை, இன்றைய திகதியில் வெற்றிடம் எத்தனை, அவற்றுள் இரண்டாண்டைக் கடந்தவை எத்தனை, அதனால் இந்த அரையாண்டில் நடத்த முடியாமற்போன பாடங்கள் எவை. இது ஒரு பக்க இணைப்பு. பண்பாட்டுத் தொன்மை வேண்டாம், அதை எவரும் மறுக்கவில்லை.

பின்னர் தீர்மானம். ஒன்று, இவ்விணைப்பை அடுத்த மூதவைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்ப்பிக்குமாறு இச்சபை பீடாதிபதியைப் பணிக்கிறது. இரண்டு, இன்னின்ன பதவிகளை நிரப்புவதற்கான அனுமதியை முப்பது நாள்களுக்குள் ஆணைக்குழுவிடம் கோருமாறு பேரவைக்குப் பரிந்துரைக்கும்படி மூதவையை வேண்டுகிறது. மூன்று, அனுமதி கோரப்படாவிடின், ஆசிரியர் இல்லாத பாடங்களை இருப்பதாகக் காட்டும் கால அட்டவணையை இச்சபை அடுத்த அரையாண்டுக்கு அங்கீகரிக்காது. நான்கு, நடந்தது என்ன என்று பீடாதிபதி அடுத்த கூட்டத்தில் எழுத்தில் அறிக்கை தருவார். முன்மொழிந்தவர் பெயர், வழிமொழிந்தவர் பெயர், திகதி.

மூன்றாவதைப் படித்ததும் தம்பியின் முகம் மாறியது.

"அண்ணை, இப்பிடிப் போட்டால் ஏகமனதா நிறைவேறாது."

உண்மை. நிறைவேறாமலும் போகலாம். பத்துப் பேர் ஆதரித்து எட்டுப் பேர் எதிர்க்கலாம். பீடாதிபதி சினக்கலாம். சிலர் அன்றைக்குச் சுகவீன விடுப்பில் போகலாம். ஆனால் அந்தப் பத்துப் பேர் யாரென்று அன்றைக்குத் தெரிந்துவிடும். ஏகமனதாக நிறைவேறிய நான்கு பக்கத்தில் அது தெரியவில்லை.

பெரியவற்றைக் கேட்காதீர்கள் என்று நான் சொல்வதாக எவரும் எண்ண வேண்டாம். 1956 இல் இங்கு கூடியவர்கள் கேட்டது ஒரு நாட்டின் யாப்பையே மாற்றுவதை. அதையும் அவர்கள் திகதியிட்டுக் கேட்டார்கள். விரிவுரையாளர் பதவிகளைத் திகதியிட்டுக் கேட்க நமக்கு நா எழவில்லை என்றால், பிழை அதிகாரத்தில் உள்ளவர்களிடம் மட்டும் இல்லை.

இருட்டும் வேளையில் தம்பி தாள்களை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அடுத்த பீடச் சபைக் கூட்டம் வரும் மாதமாம். பதிவாளர் பகுதியில் வெற்றிடக் கணக்கைக் கேட்டு எடுத்துக்கொண்டு போவதாகச் சொன்னார். தீர்மானம் வென்றாலும் தோற்றாலும் வாக்குக் கணக்கோடு வாருங்கள், நானே செய்தி எழுதுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.